பாதியில் நின்ற தோட்டா

துப்பாக்கி பழுது பார்ப்பதால்தான் வெடியக்காவுக்கு அந்தப் பேர் வந்தது என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். அவள் வாயைத் திறந்ததும் புரிந்துவிடும். கடைக்குள் அவள் சிரித்தால், எதிர்க்கடையில் முடிவெட்டுகிறவர் கத்தரியை ஒரு கணம் நிறுத்திவிட்டுத்தான் தொடர்வார். யார் வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அங்கே எண்ணெய் வாசனையோடு சேர்ந்து கிடைக்கும். தற்பெருமைக்கும் குறைச்சல் இல்லை. "என் கை பட்டு வெளிய போன துப்பாக்கி ஒண்ணுகூடத் திரும்பி வந்ததா சரித்திரமே கிடையாது" என்பாள். எரிச்சல் என்னவென்றால், அது உண்மை. தன் மேல் தப்பு என்று அவள் ஒப்புக்கொண்டு யாரும் கேட்டதில்லை. தேநீரில் சர்க்கரை கூடிப்போனால்கூடக் கரண்டியைத்தான் குறை சொல்வாள்.

அவளுடைய தம்பி வங்கியில் காவலாளி. அன்று மத்தியானம் தன் பழைய ரிவால்வரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றான். உள்ளே போகக் கால் வரவில்லை. மறுநாள் காலை காவலாளிகள் எல்லாரும் மேனேஜர் முன்னால் சுட்டுக் காட்ட வேண்டும். குறி தவறினால் வேலை இல்லை. அதற்காக வங்கி கொடுத்த புதுத் தோட்டாக்களோ அவன் ரிவால்வரில் முக்கால்வாசி போய் அப்படியே நின்றுவிடுகின்றன.

இன்னொரு கவலை, அக்காவிடம் சொல்லக்கூடாத கவலை. போன வருஷம் ஏணியிலிருந்து விழுந்து அவன் வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு சரியாகக் கூடவில்லை. துப்பாக்கி உதைத்தால் உயிர் போகிற வலி. வங்கிக்குத் தெரிந்தால் சீட்டு கிழிந்துவிடும். அக்காவுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. அந்த மேனேஜர் வேறு அவளுடைய வாடிக்கையாளர்.

"என்னடா, திருட்டுப் பூனை மாதிரி நிக்கிற? உள்ள வா."

சொன்னான். பாதியை மட்டும் சொன்னான். அவள் ரிவால்வரைத் திறந்து காலிதானா என்று முதலில் பார்த்தாள்.

"போகலைன்னதும் என்ன பண்ணின? தட்டினியா?"

"லேசா... கரண்டிக் காம்பால."

"அட அறிவு கெட்டவனே! தோட்டாவோட பின்பக்கம்தான்டா வெடிக்கிற இடம். அங்க போய்த் தட்டிப் பார்க்க அது என்ன தேங்காயா?"

எதிர்க்கடைக் கத்தரி நின்று, மறுபடி தொடங்கியது.

திட்டிக்கொண்டேதான் அவள் வேலை பார்ப்பாள். குழலின் மேல் பொறித்திருந்ததையும் தோட்டாப் பெட்டியில் அச்சடித்திருந்ததையும் ஒப்பிட்டாள். பொருந்தியது. தோட்டாவை அளந்தாள், வீக்கம் எதுவும் இல்லை. தோட்டா உட்காரும் ஆறு அறைகளிலும் ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தாள்.

"ஒரு அறையில மட்டும் நின்னா துருவோ வடுவோன்னு சொல்லலாம். ஆறுலயும் ஒரே இடத்துல நிக்குது."

அறைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

இழுப்பறையிலிருந்து ஒரு குட்டைத் தோட்டாவை எடுத்தாள். பருமன் அதேதான், நீளம் மட்டும் குறைவு. மருந்தும் குறைவு, உதையும் குறைவு. அது தடையில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது.

"இதைப் போட்டு நிறைய சுட்டிருக்கே. இது எங்க முடியுதோ அங்கேருந்து புகைக்கரி வளையமாப் படிஞ்சு கல்லாயிருக்கு. நீளத் தோட்டா அதுல போய் முட்டுது. குழலை மட்டும் பளபளன்னு துடைச்சு வெச்சிருக்க. அறைங்களை யாரு துடைப்பா, உன் மாமனாரா?"

"நான் எங்க சுட்டேன், அக்கா..."

அவள் அந்த ஆறு அறைகளும் இருந்த உருளையைக் கழற்றிக் கரி கரைக்கிற எண்ணெயில் ஊறப் போட்டாள். பிறகு பித்தளை பிரஷ்ஷால் ஒவ்வோர் அறையாகச் சுழற்றித் தேய்த்தாள். கறுப்பாக வழிந்தது. தேய்த்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்:

"கையைக் காட்டு."

நீட்டினான்.

"அந்தக் கை இல்ல."

வலது மணிக்கட்டைப் பிடித்து ஓர் இடத்தில் அழுத்தினாள். அவன் முகம் போன போக்கே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஏணி, கட்டு, உதை குறைவென்று குட்டைத் தோட்டாவை வாங்கி ஒளித்து ஒளித்துப் பழகியது, எல்லாம் கொட்டிவிட்டான்.

அவள் சிரிக்கவில்லை. "நாளைக்கு இந்தப் பெரிய தோட்டாவை உன்னால சுட முடியுமா?"

"தெரியலக்கா."

"இப்பவே தெரிஞ்சுக்கலாம். முடியலைன்னா மேனேஜர்கிட்ட நானே சொல்லிடுவேன். உன்னை நம்பி அங்க எத்தனை பேர் வந்து போறாங்க."

ரிவால்வரின் ஒல்லியான மரப்பிடியைக் கழற்றிவிட்டுத் தடித்த ரப்பர் பிடி ஒன்றை எடுத்தாள். அவன் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பதும் அரத்தால் சீவுவதும் மறுபடி வைத்துப் பார்ப்பதுமாகக் கொஞ்ச நேரம் போனது. ஒரு குழந்தைக்குச் செருப்பு வாங்குகிற பொறுமை அதில் இருந்தது. கடைக்குப் பின்னால் மணல் மூட்டை அடுக்கிய சோதனை இடத்துக்குக் கூட்டிப்போனாள். இப்போது தோட்டாக்கள் தாமாகவே வழுக்கிப் போய் உட்கார்ந்தன. ஆறும் சுட்டான். ஐந்து குறிவட்டத்துக்குள், ஒன்று அதன் கோட்டின் மேல்.

"வலிக்குதா?"

"வலிக்குது. முன்னே மாதிரி இல்ல. தாங்கலாம்."

"இன்னொரு தடவை."

மறுபடியும் சுட்டான். இந்த முறை ஆறும் உள்ளே. "நாளைக்கு முடிஞ்சதும் நேரா எலும்பு டாக்டர்கிட்ட போற. இல்ல, நான் இழுத்துட்டுப் போவேன், தெரு பார்க்கும்" என்றாள்.

இருவரும் முன்பக்கம் வந்தால், மேனேஜர் நிற்கிறார். பழுதுக்குக் கொடுத்த வங்கித் துப்பாக்கியை வாங்க வந்தவர்.

"உங்க தம்பி ரிவால்வர்ல தோட்டாவே போகலையாமே, மத்த காவலாளிங்க சொன்னாங்க. என்னம்மா கோளாறு?"

தம்பி வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அக்கா வாயில் எந்த ரகசியம் நின்றிருக்கிறது, இது நிற்க?

வெடியக்கா எண்ணெய்த் துணியில் விரல் விரலாகத் துடைத்தாள்.

"என் தப்பு சார். போன தடவை பழுது பார்த்தப்போ குட்டைத் தோட்டா போட்டு நிறைய சோதிச்சேன். அறைங்களைச் சுத்தம் பண்ணாம குடுத்துட்டேன். கரி கட்டிப்போச்சு. இப்ப சரி பண்ணிட்டேன். அவன் நல்லா சுடுவான், நாளைக்கு நீங்களே பாருங்க."

மேனேஜர் வாயைப் பிளந்தார். அப்புறம் சிரிப்பு தாங்கவில்லை. "உங்க கை பட்டு வெளிய போனது ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லைன்னு சொல்வீங்களே!"

"ஒண்ணு வந்துடுச்சு சார்."

எதிர்க்கடையில் கத்தரி நின்றது. இந்த முறை அது வெகுநேரம் தொடங்கவில்லை.

மறுநாள் அவன் தேறினான். அதற்குள் வெடியக்கா கோட்டை விட்ட கதை தெரு முழுக்கப் பரவியிருந்தது. துப்பாக்கியைக் கொடுக்க வருகிறவர்கள், "அறையைச் சுத்தம் பண்ணிட்டீங்கல்ல?" என்று கண்ணடித்துக் கேட்டார்கள். அவள் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாள். தம்பிக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள், "நான் உண்மையைச் சொல்லிடறேன்க்கா" என்றான்.

"சொன்னா பல்லைத் தட்டிடுவேன். டாக்டர் என்ன சொன்னாரு, அதைச் சொல்லு."

கை தேறி வருவதாகச் சொன்னான். அவள் தலையாட்டிவிட்டு, அடுத்த தெருவில் யாரோ மாமியாரோடு சண்டை போட்ட கதையை ஆரம்பித்தாள். அந்தச் சரித்திர வாக்கியத்தை மட்டும் அதன் பிறகு அவள் சொல்லி யாரும் கேட்கவில்லை.