மடியில் புற்றுமண்

சங்கரன்கோவில் பேருந்து நிலைய டீக்கடை. தொலைக்காட்சியில், தள்ளாடும் வங்கிகளைப் பற்றி நாடாளுமன்ற விவாதம். கேள்வி வரும்போதெல்லாம் நிதியமைச்சர் தண்ணீர் குடிக்கிறார். பிறகு, மக்கள் பதற வேண்டாம் என்கிறார்.

பக்கத்திலிருக்கும் ராயகிரிக்காரருக்கு நான் விளக்குகிறேன். "ஆளாளுக்குப் பதறிப் பணத்தை எடுத்தாத்தான் அண்ணாச்சி பேங்க் கவுழும்."

"நாளைக்கு எடுக்கலாம்னு இருந்தேன். நீங்க இம்புட்டுத் தூரம் சொல்லுதிய, அங்கனயே கெடக்கட்டும்." என் மடியிலிருக்கும் பையைப் பார்க்கிறார். "இது என்னது?"

"கோயில் புற்றுமண்."

சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். "பஸ்ஸு வந்துட்டு, கோயிலுக்குப் போவ நேரமில்ல. நெத்தியில பூச ஒரு சிட்டிகை தாங்க."

பைக்குள் இருப்பது, காலையில் என் வங்கிக் கணக்கிலிருந்து நான் வழித்தெடுத்த பணம்.

"பிரிச்சாப் பலிக்காது அண்ணாச்சி" என்றபடி நானும் தண்ணீர் குடிக்கிறேன்.