அதிர்வெண் குறையாது என்றார் தனலட்சுமி

வியாழக்கிழமை இரண்டாம் பீரியடில் தலைமையாசிரியர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். பணி ஓய்வு பெற்ற நம் ஆய்வக உதவியாளர் தனலட்சுமி அம்மா விடியற்காலையில் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று தணிந்த குரலில் சொன்னார். எனக்கு உடனே அழுகை வரவில்லை. எழுதிக்கொண்டிருந்த சமன்பாட்டை முடித்துவிட்டுத்தான் சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் பள்ளியில் படித்தவர்களுக்கும் வேலை பார்த்தவர்களுக்கும் அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. லென்ஸைத் துடைக்காமல் வைத்தால் ஆசிரியர் என்றும் பார்க்கமாட்டார். "கண்ணாடிய அழுக்கா வெச்சிக்கினு வெளிச்சத்த கொற சொல்லாதீங்க சார்" என்று என்னிடமே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவர். நானோ பெயருக்குப் பின்னால் மூன்று பட்டம் போட்டுக்கொள்கிற ஆள்.

சில வருடங்களுக்கு முன், பொதுத்தேர்வு நெருங்கிய நேரம். பிளஸ் டூ இயற்பியல் பாடத்தை முடிக்கிற அவசரத்தில் இருந்தேன். ஒரு வினாடியில் எத்தனை அலை கடக்கிறதோ அது அதிர்வெண், ஓர் அலையின் நீளம் அலைநீளம், இரண்டையும் பெருக்கினால் ஒளியின் வேகம் என்றேன். அதுவரை சரி. கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் குறைகிறது, ஆகவே அதிர்வெண் குறையும், அலைநீளம் மாறாது என்றும் அடித்துச் சொன்னேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அன்றோடு அவர்களுக்குப் படிப்பு விடுமுறை.

பின்வரிசையில் பட்டகங்களை அடுக்கிக்கொண்டிருந்த தனலட்சுமி வகுப்பில் வாய் திறக்கவில்லை. மாலையில் ஆசிரியர் அறைக்கு வந்தார். அவர் வீடு கச்சிராயபாளையத்தில், ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்கள் கடக்கும் சாலையோரம்.

"கோச்சிக்காதீங்க சார். நல்ல ரோட்டுல டிராக்டருங்க தூரம் தூரமா வருது. எங்க வூட்டாண்ட ரோடு பள்ளம், மெதுவா ஒண்ண ஒண்ணு ஒட்டிக்கினு போவுது. ஆனா மணிக்கு அங்க எத்தினி வருதோ, இங்கயும் அத்தினிதான் போவுது. கொறஞ்சா மீதி வண்டி எங்க போச்சு? எடவெளிதான சார் கம்மியாவுது?"

இரண்டு ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. கண்ணாடிக் குழாய் கழுவுகிற வேலையை மட்டும் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் திரும்பி ஆய்வகத்துக்குப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். அவர் சொன்னதுதான் சரி. வேகம் குறையும்போது சுருங்குவது அலைநீளம். அதிர்வெண் அப்படியே இருக்கும். அதை நான் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

மறுநாள் ஊரில் இருந்த பிள்ளைகளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். கல்வராயன் மலைப் பிள்ளைகள் பதினோரு பேர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அங்கே சிக்னல் கிடைக்காது. நீங்கள் சொன்னதுதான் சரி, ஆனால் போனால் ஒரு மார்க்தானே என்று தனலட்சுமியிடம் மழுப்பினேன்.

"மார்க்கு கெடக்குது சார். தப்புன்னு தெரிஞ்சிக்கினே நாம இங்க குந்திக்கினு இருக்கிறதா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் இருவரும் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்கு ஏறினோம். எந்தப் பிள்ளை எந்த ஊர் என்பது அவருக்கு மனப்பாடம். அங்கிருந்து ஊர் ஊராக நடந்தோம். ஒரு மாணவி மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். மண் கையோடு நின்று கேட்டுவிட்டு, இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்றாள். தனலட்சுமி, "சார் தூங்கலடி" என்று மட்டும் சொன்னார். பொழுது சாய்வதற்குள் பதினோரு பேரையும் பார்த்துவிட்டோம். கடைசியில் அந்தக் கேள்வி தேர்வில் வரவே இல்லை. அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் பல நாள் சிரித்தோம். ஆனால் அன்று அறையில் நான் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

இந்த வியாழக்கிழமை பள்ளி முடிந்ததும் பூமாலை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீங்கதான சார் அது? உங்க தப்ப நீங்களே கண்டுபுடிச்சி, பசங்களத் தேடி மலை ஏறுனவரு? அம்மா வர்றவங்க கிட்டல்லாம் அதையே சொல்லிக்கினு இருக்கும்."

இத்தனை வருடம் என் அசிங்கத்தை மறைத்து, தன் புத்திசாலித்தனத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார். அப்போதுதான் அழுதேன். பிறகு அங்கே உட்கார்ந்திருந்த எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்: "இல்லம்மா. கண்டுபிடிச்சது உங்க அம்மா. நான் நாலு பேர் எதிர்ல அவங்கள அவமானப்படுத்தினேன்."

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, தப்பாகச் சொன்ன இடத்துக்கே நடந்துபோய்த் திருத்துகிற அந்தத் துணிச்சல்தான். உங்களிடம் வர வேண்டிய நடை மட்டும் தாமதமாகிவிட்டது, தனலட்சுமி அம்மா. மன்னித்துவிடுங்கள்.