காடைக்குக் கட்டிய கயிறு

முறிந்த காலில் பிளேட் வைத்து, மூன்று மாதம் தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு வருடம் லாரி ஓட்டியவன் நான். உளுந்தூர்பேட்டையில் டீ குடித்துவிட்டு ஏறினால் அடுத்த வேளை சோறு எந்த ஊரில் என்று எனக்கே தெரியாது. அப்படிப்பட்டவன் களமருதூரில் ஒரு பத்துக்குப் பத்து அறையில் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அதில் எத்தனை விரிசல் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன். எரிச்சல் தாங்காமல் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டதும் உண்டு.

என் மனைவி கொல்லையில் பதினோரு காடைகள் வளர்த்தாள். விற்கவும் இல்லை, அடித்துத் தின்னவும் இல்லை, சும்மா ஆசைக்கு. ஒருநாள் மற்றவை சேர்ந்துகொண்டு ஒரு பெட்டைக் காடையின் தலையைக் கொத்தித் தோலை உரித்துவிட்டன. அதை அட்டைப்பெட்டியில் போட்டு என் கட்டிலருகே வைத்தாள்.

“நீங்க சும்மாதான கெடக்கறீங்க, இத பாத்துக்கினு இருங்க. ஆறினதும் கூண்டுல வுட்டுடணும். ரொம்ப நாளு தனியா இருந்தா மத்ததுங்க மறந்துடும். அப்புறம் சேத்துக்காது.”

தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவினேன். மூன்றாம் நாள் என் உள்ளங்கையிலிருந்து தீவனம் பொறுக்கியது. பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்துவிட்டது. பழைய ரூட்டுகளை எல்லாம் அதனிடம் சொன்னேன், அதுவும் தலையைச் சாய்த்துக் கேட்டது. ஒரு வாரத்தில் புண் காய்ந்துவிட்டது.

“ஆறிடுச்சா?” என்று மனைவி தினமும் கேட்பாள்.

“இன்னும் ஈரமா இருக்குது” என்பேன்.

சுத்தப் பொய். கொல்லையில் மற்றவை குரல் கொடுக்கும்போதெல்லாம் இது கழுத்தை நீட்டிப் பதில் கூப்பிடும். அது கேட்கப் பிடிக்காமல் பெட்டி மேல் துண்டைப் போட்டு மூடினேன். அது போய்விட்டால் அந்த அறையில் நானும் ஃபேனும்தான்.

ஒரு சாயங்காலம் அவளே எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டாள். தலையில் புது இறகு முளைத்திருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். “நாளைக்கு வுட்டுடுங்க” என்றாள்.

மறுநாள் காலை வாக்கரை ஊன்றிக் கொல்லைக்குப் போனேன். ரிப்பேர் முடிந்து பட்டறையிலிருந்து வெளியே வரும் வண்டிக்குத் திருஷ்டிக் கயிறு கட்டாமல் நாங்கள் சாவி போட மாட்டோம். பழக்கம் விடுமா? சிவப்பும் கறுப்பும் முறுக்கிய கயிற்றில் ஒரு சிவப்பு இழையைப் பிரித்து, காடையின் காலில் கட்டி உள்ளே விட்டேன். அடுத்த நொடி அத்தனையும் அந்தச் சிவப்பு நூல் மேல் பாய்ந்தன. மனைவி ஓடிவந்து பிடுங்கி எடுப்பதற்குள் காடையின் கால்விரலில் ரத்தம்.

“காடை இன்னா லாரியா, கயிறு கட்டி அனுப்பறதுக்கு? செவப்பா எது கண்டாலும் கொத்துங்கன்னு தெரியாதா?”

சத்தியமாகத் தெரியாது. ஆனால் அது மறுபடி என் கட்டிலருகே வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்கு வெட்கமும் பட்டேன்.

இந்த முறை அவள் என்னை நம்பவில்லை. விரல் ஆறியதும் கூண்டிலிருந்து சாதுவான இரண்டைப் பிடித்துவந்து அதே பெட்டியில் விட்டாள். முதல் நாள் முட்டிக்கொண்டன. இரண்டாம் நாள் மூன்றும் ஒட்டிக்கொண்டு தூங்கின. நான் கையை நீட்டினால் என் காடை மற்ற இரண்டின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. யாரோ அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

நான்காம் நாள் பொழுது சாயும்போது, கூண்டு எல்லாவற்றுக்கும் புதிதாகத் தெரியும்படி தீவனத் தட்டையும் தண்ணீரையும் இடம் மாற்றி வைத்து, வைக்கோல் பரப்பி, மூன்றையும் ஒன்றாக உள்ளே விட்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சேவல் காடை வந்து அதன் தலையில் ஒரே ஒரு கொத்துக் கொத்தியது. அது நகர்ந்துகொண்டது. பிறகு எல்லாம் தீவனத்துக்குப் போய்விட்டன. அவ்வளவுதான்.

“சேந்துடுச்சுங்க!” என்றாள்.

“ம்” என்றேன்.

மறுநாள் காலை டீ கொண்டுவந்தவள் என் முகத்தைப் பார்த்து, “இன்னா யோசனை?” என்றாள்.

“கூண்டுல சண்டை எதனா போட்டுக்கினு இருக்குதா?”

“அதெல்லாம் இல்லீங்க. ஒத்துமையா இருக்குதுங்க. நீங்க கவலப்படாதீங்க” என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். நான் பயப்படுகிறேன் என்று நினைத்துவிட்டாள், பாவம். ஒரு சண்டைச் சத்தம் கேட்காதா என்றுதான் விடிந்ததிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன்.