செவலை எந்த ஊர் மாடு

ஊரை நகரத்தோடு சேர்க்கச் சொல்லி வீடுவீடாகப் போய்ப் பேசியவள் பால்காரிதான். பஸ் வரும், தெருவிளக்கு வரும், பால்கேனைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம் என்றாள். சொன்னதெல்லாம் வந்தது. பின்னாலேயே ஓர் உத்தரவும் வந்தது: நகர எல்லைக்குள் மாடு வளர்க்கக் கூடாது.

"கேட்டு வாங்கின வரம்க்கா, அனுபவி" என்றான் தம்பி. வாய்தான் அப்படி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், நகர எல்லைக்கு வெளியே அவள் பிறந்த ஊரில், தன் கொல்லையிலேயே கொட்டகை போட இடம் கொடுத்தான். மற்ற மாடுகளை விற்றுவிட்டுச் செவலையை மட்டும் அங்கே கொண்டுபோய்க் கட்டினாள். புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறு போடுவது இனி அந்த ஒற்றை மாடுதான்.

உத்தரவு மனுஷருக்குப் புரியும், மாட்டுக்குப் புரியுமா? ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். கறக்க ஆள் வரவில்லை. மடி கனத்த செவலை முளையைப் பிடுங்கிக்கொண்டு அவளைத் தேடி வந்தது. தெருமுனையில் அதன் குரல் கேட்டு அவள் எழுந்து ஓடுவதற்குள் நகராட்சி வண்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

மாடுகளை அடைக்கும் கொட்டடிக்குத் தம்பிதான் கூட்டிப்போனான். பஸ்ஸில் வழிநெடுக ஒரே பாடம்.

"எந்த ஊருன்னு கேட்பாங்க. என் ஊரைச் சொல்லு. வெளியூர் மாடு, வழி தவறிடுச்சுன்னா விட்டுடுவாங்க. உன் ஊருன்னு தெரிஞ்சா ஏலம்தான்."

பிறந்த ஊர்தானே, பொய்கூட இல்லை. அவளும் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

அங்கிருந்த எழுத்தர் கடுகடுத்திருந்தால் உஷாராக இருந்திருப்பாள். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டார். "மாடு நல்லா இருக்கும்மா, தண்ணி காட்டியாச்சு. நீங்க எந்த ஊரு?"

வாக்கப்பட்ட ஊரின் பெயர், வாழ்நாளெல்லாம் சொன்ன பழக்கத்தில், வாயில் வந்து விழுந்தது.

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படி ஒரு ஊரு இப்ப இல்லையேம்மா. அது சிட்டி."

அக்காவுக்குக் காய்ச்சல், உளறுகிறாள் என்று தம்பி என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். எழுத்தர் தலைகுனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே அவள் குரலைக் கண்டுகொண்டு செவலை கத்தியது.

"கறந்துட்டாவது போறேன் சார். மடி கட்டிக்கும்."

உள்ளே யாரையும் விடக் கூடாதாம்.

திரும்பும்போது பஸ் அவள் தெருமுனையிலேயே நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை. தம்பி கையைப் பிடித்து இறக்கினான். கேலியாக ஏதாவது சொல்வான் என்று பார்த்தாள். அவன் பிடித்த கையை விடாமல் வீடுவரை கூடவே நடந்தான்.