லிப்டுக்கு இடது பக்கம்

டெல்லியில் ஒரு பெரிய ஹோட்டலை இடித்துவிட்டார்கள். பத்திரிகைகள் ஒரு வாரம் ஒப்பாரி வைத்தன. எந்த நாட்டு அதிபர் எந்த அறையில் தூங்கினார், கூடத்துச் சரவிளக்கு எந்தக் கப்பலில் வந்து இறங்கியது, எந்த நடிகைக்கு எந்த மாடியில் நிச்சயதார்த்தம் நடந்தது என்று பக்கம் பக்கமாக வரலாறு. ஒன்று விடாமல் படித்தேன். கழிப்பறையைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. எழுதியவர்கள் எல்லோரும் ஆண்களாக இருக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை அந்த ஹோட்டலின் வரலாறு தரைத்தளத்தில், லிப்டுக்கு இடது பக்கம், பெண்கள் கழிப்பறையில் தொடங்கி அங்கேயே முடிகிறது. அப்பாவுக்கு மத்திய அரசில் குமாஸ்தா வேலை. லக்ஷ்மிபாய் நகரில் குவார்ட்டர்ஸ். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரோல் பாக் கடைத்தெருவுக்குப் போவோம். வழியில் பஸ் மாற வேண்டும். ஆண்களுக்கு டெல்லியில் எந்தச் சுவரும் போதும். அம்மாவும் நானும் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் கிளம்பி, நாக்கு வறண்டு, அடிவயிறு கனத்துத் திரும்புவோம். பஸ் மாறும் இடத்துக்கு எதிரேதான் அந்த ஹோட்டல். ஒருநாள் அம்மா பொறுக்க முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்துவிட்டாள். ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு வந்ததால் அன்று பட்டுப்புடவை கட்டியிருந்தாள். வாசலில் நின்ற தலைப்பாகைக்காரர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துக் கதவைத் திறந்தார்.

அவ்வளவுதான், அம்மாவுக்குச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. அதன்பிறகு ஜிப் வாங்கப் போனாலும் அரக்கு நிறக் காஞ்சிபுரம்தான். "இன்னிக்கும் கல்யாணமா?" என்று கீழ் வீட்டு மாமி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். சட்டதிட்டங்கள் வேறு உண்டு. காய்கறிப் பை அப்பாவிடம் போய்விடும். அவர் பஸ் ஸ்டாப் வேப்பமரத்தடியில் எங்களை யாரென்றே தெரியாதவர்போல வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வாசல்காரர் முகத்தைப் பார்க்கக் கூடாது. உள்ளே போனதும் இடது பக்கம் பாயக் கூடாது, அது அல்பத்தனம். கூடத்தின் நடுவே நின்று, லிப்டுக்கு மேலே மாறும் எண்களைப் பார்த்தபடி, அம்மா திருநெல்வேலித் தமிழில் உரக்கக் கேட்பாள்:

"ஏட்டி, அவுக இன்னும் கீழ எறங்கி வரலியா?"

மேலே எங்களுக்கு ஒருத்தரும் கிடையாது. கீழே ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே, ஐந்தாவது மாடியில் ஒரு மந்திரி அவசர அவசரமாக வேட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று யாருக்கும் புரிந்துவிடும்.

"இல்லம்மா, டைம் ஆவும் போல" என்பேன். அது என் வசனம்.

"சரி, அதுக்குள்ள கை கழுவிட்டு வந்துருவோம்."

உள்ளே இளஞ்சிவப்பு டைல்ஸ், மல்லிகை மணக்கும் சோப்பு, சுருட்டி வைத்த வெள்ளைத் துண்டுகள். வேலை முடிந்ததும் அம்மா முகம் கழுவி, பொட்டைச் சரிசெய்து, கைப்பையிலிருந்த பாட்டிலை எடுத்து ஒரே மூச்சில் தண்ணீர் குடிப்பாள். காலையிலிருந்து சேர்த்துவைத்த தாகம். என் பள்ளிக்கூட வருடங்கள் இப்படியே போயின. வயது ஏற ஏற எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை கேட்டேன்.

"நீ எங்க வந்தன்னு வாசல்ல வச்சு ஒருத்தன் கேட்டுட்டா, அம்புட்டுதான், என் மானம் போச்சு. அதுக்குத்தாம்ட்டி பட்டு."

பிறகு நான் நொய்டாவில் ஒரு டிவி சேனலில் சேர்ந்தேன். வேலை நிரந்தரமானதும் அம்மாவுக்காக அதே ஹோட்டலில் மதியச் சாப்பாட்டுக்கு மேஜை பதிவு செய்தேன். அம்மா வழக்கம்போல அரக்குப் பட்டை எடுத்தாள். நான்தான் பெரிய புத்திசாலி மாதிரி வாயைத் திறந்தேன்.

"இன்னைக்கு எதுக்கும்மா வேஷம்? காசு குடுத்துச் சாப்பிடப் போறோம். சௌகரியமா எதையாவது கட்டிக்கோ."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு சிரித்துக்கொண்டே ஒரு வெளிறிய சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

நான் டாக்சியை அனுப்பிக்கொண்டிருந்தபோது அம்மா முன்னால் நடந்துவிட்டாள். பழைய தலைப்பாகைக்காரர் இல்லை. ஒரு புதுக் காவலாளி நின்றிருந்தான். "மாதாஜி, ஸ்டாஃப் கேட் பீச்சே ஹை" என்று கையைக் காட்டினான். வேலைக்காரர்கள் வரும் வாசல் பின்பக்கமாம். நான் ஓடிப்போய்ப் போட்ட சத்தத்தில் மேனேஜரே வந்து மன்னிப்புக் கேட்டார், இலவசமாக ஐஸ்கிரீம் கொடுத்தார். அம்மா ஸ்பூனைத் தொடவில்லை. லிப்டு இருக்கும் பக்கம்கூடத் திரும்பவில்லை. வீடு வரை அடக்கிக்கொண்டே வந்தாள்.

அந்தக் காவலாளியைப் பல வருடம் திட்டினேன். ஆனால் அவள் பட்டைப் பீரோவில் வைக்கச் சொன்னது அவன் இல்லை, நான். அதன்பின் அந்தச் சாலையில் போக நேர்ந்தால் அம்மா ஆட்டோவில் மறுபக்கம் பார்த்துக்கொண்டு உட்காருவாள்.

போன மாதம் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு அந்த வழியாக வந்தோம். திடீரென்று "பையா, ரோக்கோ" என்று ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். ஹோட்டலைச் சுற்றித் தகர வேலி. லாரி போக நடுவில் வழி. மாடிகள் எல்லாம் போய்விட்டன. தரைத்தளத்தில் ஒரே ஒரு சுவர் நின்றது, அதில் இளஞ்சிவப்பு டைல்ஸ்மீது பட்டப்பகல் வெயில் அடித்தது. நாங்கள் அவ்வளவு மறைவாகப் போய்வந்த இடம் ஊருக்கே தெரிய நின்றுகொண்டிருந்தது.

அம்மா இறங்கி உள்ளே நடந்தாள். நைந்த வாயில் சேலை, ரப்பர் செருப்பு. காவலாளி ஒருவன் நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"மாதாஜி, கஹாங்?"

எங்கே போகிறாய் என்கிறான். குறுக்கே பாய்ந்தேன். அம்மா கையை நீட்டி என்னைத் தடுத்தாள். அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. இல்லாத மாடிகளை அண்ணாந்து பார்த்து, அதே குரலில் கேட்டாள்:

"ஏட்டி, அவுக இன்னும் கீழ எறங்கி வரலியா?"

காவலாளியும் மேலே பார்த்தான். பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டான்.

"இல்லம்மா" என்றேன். "டைம் ஆவும் போல."

"ஆவட்டும்" என்று அம்மா திரும்பி நடந்தாள். "வா, நாம வீட்டுக்குப் போயிக் கை கழுவிக்கிடுவோம்."