பதினைந்து வினாடி சும்மா இருப்பது

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் பேத்தி தர்ஷினி பத்து பகாட் என்ற ஊரில் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தாள். நான் கூலாயில், என் வீட்டு மேசைக்கு அடியில், முதுகுக்குக் கீழே உள்ள பகுதி மட்டும் வெளியே தெரிய, கணினியின் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

நேரில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்குத் தடை!

போட்டவள் என் மகள் மாலதி. போன தடவை மூவாரில் ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். பேத்தி ஒவ்வொரு புள்ளியாக விட்டுக்கொடுக்க, நான் அதை வாய்விட்டு எண்ணியிருக்கிறேன். "பதினேழு... போச்சு, பதினெட்டு..." நான் மனதுக்குள் எண்ணுவதாகத்தான் நினைத்தேன். நடுவர் திரும்பிப் பார்த்தார். பேத்தி அடுத்த சர்வீஸை வலையில் அடித்தாள்.

"அப்பா, இந்தத் தடவை வீட்லயே பாருங்கப்பா. லைவ் போடுறாங்க. இதுல ஜெயிச்சாதான் அவள ஸ்டேட் டீம்ல எடுப்பாங்க. ப்ளீஸ்ப்பா."

சரி, வீட்டிலேயே. ஆனால் எதில் பார்ப்பது? கண்புரை அறுவை செய்த என் கண்ணுக்கு, கைப்பேசியில் பேத்தி தீப்பெட்டிக்குள் குதிக்கும் வெட்டுக்கிளி மாதிரி தெரிகிறாள். பந்து தெரிவதே இல்லை. வீட்டுத் தொலைக்காட்சிக்கு இணையம் என்றால் என்னவென்றே தெரியாது. மிச்சம் இருந்தது என் கணினி. நான் ஓய்வு பெற்ற வருடம் வாங்கிய பத்தொன்பது அங்குல மானிட்டர்.

ஒரு பழைய ஆட்டத்தைப் போட்டு ஒத்திகை பார்த்தேன். பந்து தெரிந்தது. ஆனால் பின்னால் இழுபடும் மங்கலான ஒரு வாலோடு தெரிந்தது. வால் எங்கிருந்து வந்தது? தேடிப் படித்தேன். திரை ஒரு வினாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறதாம். ஹெர்ட்ஸ். என் திரைக்கு அறுபது.

எண்ணிக்கையை என் மாதிரி ஆளிடம் சொல்லலாமா? அறுபது என்று தெரிந்த பிறகு அறுபது போதுமா?

ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கணினியின் திரை அமைப்புகளுக்குள் போனேன். பட்டியலில் அறுபதும் எழுபத்தைந்தும் மட்டுமே இருந்தன. அடியில் ஒரு டிக். 'இந்த மானிட்டரால் காட்ட இயலாதவற்றை மறை.'

மறைப்பதா? என் வீட்டில், என் கணினி, என்னிடமே மறைக்கிறதா? டிக்கை எடுத்தேன். எண்பத்தைந்து, நூறு, நூற்றிருபது என்று வரிசையாக வந்து நின்றன. நான் பேராசைக்காரன் இல்லை... எண்பத்தைந்தோடு நிறுத்திக்கொண்டேன்.

திரை கறுப்பானது. 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று ஒரு சின்னப் பெட்டி மட்டும் அனாதையாக மிதந்தது.

எண்டரைத் தட்டினேன். எஸ்கேப். அம்புக்குறிகள். மறுபடி எண்டர். மௌஸை உலுக்கினேன். மானிட்டரின் தலையில் செல்லமாக ஒரு அடி. அணைத்துப் போட்டேன். லோகோ அழகாக வந்தது. பிறகு மறுபடியும் இருட்டு.

சமையலறையிலிருந்து என் மனைவி சரோஜாவின் குரல். அவள் தன் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஆரம்பிச்சிட்டாங்க!"

"ஸ்கோர் எத்தன?"

"நாலுக்கு ஏழு."

"யாருக்கு நாலு?"

"இருங்க, கண்ணாடிய எடுத்துட்டு வரேன்."

சிகாமட்டில் இருக்கும் என் சகலை சேகருக்குப் போன் போட்டேன். சரோஜாவின் தங்கை கணவர். சிங்கப்பூரில் கணினிக் கடையில் வேலை பார்த்தவர். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அலமாக், அண்ணே! மறைச்சு வெச்சத ஏன் தொறந்தீங்க?"

"என்கிட்டயே மறைக்கலாமா, சேகர்?"

"பழைய மானிட்டர் லா. எழுபத்தஞ்சுக்கு மேல போனா அதுக்கு மூச்சு வாங்கும். அது கெடக்கட்டும், கறுப்பானதும் எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?"

"காத்திருக்கிறதா?"

"பதினஞ்சு செகண்ட், அண்ணே. 'இத வெச்சுக்கவா, வேணாமா'ன்னு கம்ப்யூட்டர் கேட்கும். பதில் வரலன்னா, 'பாவம், ஆளுக்குத் திரையே தெரியல போல'ன்னு அதுவே பழையபடி மாத்திடும்."

"அப்படி ஒரு கேள்விய நான் பார்க்கவே இல்லையே!"

"எப்படிப் பார்ப்பீங்க? திரைதான் இருண்டு போச்சே. கண்ணு தெரியாம எதையோ அமுக்கி, 'வெச்சுக்கோ'ன்னு சொல்லிட்டீங்க."

சரோஜா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "தம்பி, இவரு ரைஸ் குக்கர் பட்டன் மேல வர்ற வரைக்குமே பொறுக்க மாட்டாரு. மூடியத் தொறந்து தொறந்து பார்ப்பாரு!"

சேகர் சிரித்த சிரிப்பு மேசையை அதிரவைத்தது. நான் சிரிக்கவில்லை. யோசித்தேன். ஒன்றும் செய்யாமல் இருந்தால் சரியாகிவிடும் என்று நம்பி இதை உருவாக்கியிருக்கிறார்கள். என்னைப் போல் ஒருவரை அவர்கள் சந்தித்ததே இல்லை!

இனிப் பழுது பார்க்க வேண்டும். லோகோ வந்ததும் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்றார் சேகர். மறுபடி போட்டு, மறுபடி பிடுங்க வேண்டும். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால், தனக்கு ஏதோ கோளாறு என்று கணினியே உணர்ந்து வழிவிடுமாம். எனக்குப் பிடித்த வேலை. ஏதாவது செய்கிற மாதிரி இருந்தது. நான் மேசைக்கு அடியில் இருந்தபோதே முதல் செட் போய்விட்டது. பதினாறுக்கு இருபத்தொன்று. ஒருவழியாக மீட்புத் திரை என்று ஒன்று எழும்பியது. அதன் வழியாக, குறைந்த தெளிவில் கணினி திறந்தது. எழுத்தெல்லாம் கடைப் பெயர்ப்பலகை அளவுக்கு இருந்தது. சேகர் சொல்லச் சொல்ல எண்பத்தைந்தை அறுபதாக்கினேன். டிக்கைத் திரும்ப வைத்தேன். மறைக்கட்டும்... எனக்கென்ன?

கணினியை மறுபடி தொடங்கியபோது, "ரெண்டாவது செட் நம்ம புள்ள!" என்று சரோஜா கத்தினாள்.

திரையில் தர்ஷினி வந்தாள். முழு உருவமாக, வியர்வையோடு, சடை பின்னால் ஆட. பந்துக்கு இன்னும் வால் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்!

மூன்றாவது செட், பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. சரோஜா கைப்பேசியை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தர்ஷினி பந்தை உயரத் தூக்கி அடித்தாள். அந்த இடத்தில் படம் உறைந்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

என் கை மௌஸுக்குப் போயே விட்டது. சரோஜா மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொடாதீங்க."

"இணையம் போச்சு, சரோ—"

"தொடாதீங்கன்னேன். வேணும்னா எண்ணுங்க. வாய்க்குள்ள!"

எண்ணினேன். பதினொன்றில் படம் வந்தது. இருபதுக்குப் பத்தொன்பது. பேத்திக்கு இருபது! அடுத்த அடியைத் தர்ஷினி கோட்டின் மேல் வைத்தாள். இருபத்தொன்று, ஜெயித்துவிட்டாள்! சரோஜா என் கையை விடாமலே குதித்ததில் என் தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

பல்வலி, பதில் வராத வாட்ஸ்அப், கோபித்துக்கொண்ட சம்பந்தி... இவற்றில் எத்தனைக்கு நான் பதினைந்து வினாடிக்குள் எண்டரைத் தட்டிக் காரியத்தைக் கெடுத்திருக்கிறேன்? இந்த ஒரு கணக்கை மட்டும் நான் எடுக்கப் போவதில்லை.

சாயங்காலம் பேத்தி கூப்பிட்டாள். "தாத்தா, ஹால் ரொம்ப அமைதியா இருந்துச்சு. ஒரு மாதிரி போரிங்கா இருந்துச்சு. அடுத்த மேட்ச்சுக்கு வாங்க. ஆனா எண்ணக் கூடாது!"

பதினைந்து வினாடிக்கு நானே உத்தரவாதம். மிச்ச நேரம் முழுக்க என் கைகளைப் பிடித்துக்கொள்வதாகச் சரோஜா சொல்லியிருக்கிறாள். வாயைப் பிடிக்கத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை!