மிஸி வெட்டிய வலை

சாட்டிக் கரையில் வலை உதறிக்கொண்டு நின்றேன். மீன் வாங்க வந்த சின்னராசா சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னான்: "அண்ணை, புளியங்கூடல் மிஸி மோசம் போயிட்டாவாம். நாளைக்குச் செத்தவீடாம்."

என் கையில் இருந்ததும் மிஸி வெட்டிய வலைதான்.

மிஸி என்று நாங்கள் கூப்பிட்ட எங்கள் ஆசுப்பத்திரித் தாதியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அவருடைய சைக்கிளுக்கு மணி இல்லை. முன்னால் போகிறவர்களை விலக்க இருமுவார். காவலரணில் நின்ற ஆமிக்காரன் ஒருநாள் பாவப்பட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். மிஸி குடித்துவிட்டுத்தான் போனார். அது கிடக்கட்டும்.

என் மகன் அன்ரனுக்கு அப்போது எட்டு வயது. பேச்சில்லை. அதற்கு ஓட்டிசம் என்று பெயர் இருப்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. யாராவது தொட்டால் நெருப்புப் பட்டதுபோல் துள்ளுவான். ஈயக்குண்டு கோத்த வீச்சுவலையை மேலே போட்டால் மட்டும் அடங்கிப் படுப்பான்.

ஒருநாள் உடைந்த போத்தல் ஓடு அவன் காலைக் கிழித்துவிட்டது. எங்கள் ஊரில் ஒருவன் ஆசுப்பத்திரிக்குப் போனால் தெருவே கூடப் போகும். அன்றும் போனது. "பிடியுங்கோடா!" என்று ஆளுக்கொரு பக்கம் அமுக்கினார்கள். பிள்ளை சுவரில் தலையை அடித்தான். டொக்டருக்குக் காயத்தைத் தைத்து இழை போட முடியவில்லை.

"இஞ்சை ஏலாது. யாழ்ப்பாணம் கொண்டுபோங்கோ."

என் மனைவி அழுதாள். "வழியிலை ஆமிச் செக்கிங், டொக்டர். இவன் வரிசையிலை நிக்கமாட்டான். ஓடினால் என்ன நடக்குமெண்டு தெரியுந்தானே."

மிஸி கூட்டத்தைத் துரத்தினார். "எல்லாரும் வெளியிலை போங்கோ! இதென்ன, திருவிழாவோ?" பிறகு என்னிடம் திரும்பினார். "அண்ணை, வீட்டிலை ஆளை என்னண்டு அடக்கிறனீங்கள்?"

வெட்கத்தோடு சொன்னேன்: "வலை போடுவன், மிஸி."

"பிறகென்ன, கொண்டாங்கோ!"

சின்னராசா மண்கும்பானில் இருந்த எங்கள் வீட்டுக்குப் பறந்துபோய்க் கொண்டுவந்தான். ஆசுப்பத்திரிச் சிப்பந்தி மூக்கைப் பொத்தினார். "என்ன மிஸி, ஆசுப்பத்திரியோ மீன் சந்தையோ?"

"மணத்தாலை ஒருத்தரும் சாகேல்லை. அந்தப் பக்கம் பிடியும்."

வலை மேலே விழ, அன்ரனின் கத்தல் மெல்லிய முனகலாகியது. ஆனால் கால் வலைக்குள். வலையை விலக்கினால் மறுபடி கத்தல். மிஸி கத்தரிக்கோலை எடுத்தார். கடற்தொழிலாளியின் வலையில் கத்தரி வைப்பது அவன் சோற்றில் கை வைப்பது போல. அது அவருக்கும் தெரியும்.

"அண்ணை, வெட்டட்டோ?"

"வெட்டுங்கோ, மிஸி!"

ஓட்டைக்குள்ளால் கால் வெளியே வந்தது. டொக்டர் நிலத்தில் குந்தி, மரத்துப்போக ஊசி போட்டு, இழையும் போட்டார். அன்ரன் ஈயக்குண்டை உருட்டியபடி கிடந்தான். வெளியில் நின்ற தெரு ஆரவாரம் போட்டது. "சத்தம் போடாதேங்கோ!" என்று ஓடிய மிஸி, வாசலில் நின்று தானும் சிரித்தார்.

பிறகு என்னிடம் ஒரு பழைய வலை கேட்டு, கழுவி, அலுமாரியில் வைத்தார். இப்படிப்பட்ட பிள்ளை யார் வந்தாலும் தாய் தகப்பனிடம் அவருடைய முதற் கேள்வி, "வீட்டிலை என்ன செய்யிறனீங்கள்?" என்பதுதான். ஒரு பிள்ளைக்கு ரேடியோ இரைச்சல் வேண்டியிருந்தது. தன் ரேடியோவையே தூக்கி வந்தார்.

அடுத்த வருடம் அன்ரனுக்குக் காய்ச்சல். தானே உள்ளே நடந்து, அலுமாரியைத் திறந்து, வலையை எடுத்துக்கொண்டு கட்டிலில் ஏறிப் படுத்தான். மிஸி கை தட்டினார். "பாத்தியளோ என்ரை ஆளை!"

என்னிடம் அவருடைய படம் இல்லை. அந்த ஓட்டை இருக்கிறது. இந்தக் கரையில் என்னைப்போல் கிழிந்த வலை பொத்த ஆளில்லை என்பார்கள். அதை மட்டும் நான் பொத்தவில்லை. அதற்குள்ளால் போகிற மீன் போகட்டும்.